ஒரு டிரைவர் இருந்தாராம்

ஜூன் 3, 2024, திங்கள். காலை 11.40.

இருபத்தேழு வண்டிகள். ஒரே இடம். ஒரே கோளாறு.

இது டைரி இல்லை, கோளாறுக் குறிப்பு. ஒன்றைச் சரிசெய்யும்வரை தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். சரியானதும் கிழித்துப் போட்டுவிடுவேன்.

விவரம்: எங்கள் கம்பெனி நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி பெங்களூருக்கு லாரி விடுகிறது. வண்டிகளில் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் என் பொறுப்பு. நொச்சிக் கணவாய் ஏறுவதற்கு முன்னால், அடிவாரத்தில், ஒவ்வொரு வண்டியும் இன்ஜின் ஆஃப் என்று காட்டுகிறது. ஒரு நிமிடத்துக்குள் மறுபடி ஆன். அந்த இடத்தில் ஹோட்டல் இல்லை, டோல்கேட் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. முட்டை வாங்கும் பெங்களூர் பார்ட்டிக்கு அவன் செல்போனில் 'வண்டி நின்றுவிட்டது' என்று மெசேஜ் போகிறது. அவன் எங்கள் மேனேஜர் சம்பத் சாரைத் திட்டுகிறான். அவர் என்னைத் திட்டுகிறார்.

காரணம் அநேகமாக இக்னிஷன் ஒயர் லூஸ் கனெக்‌ஷன். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

ஜூன் 5, புதன்

மூன்று வண்டிகளில் கருவியையே மாற்றினேன். புது ஒயர், புது ஃபியூஸ். மூன்றும் அதே இடத்தில் ஆஃப்.

இருபத்தேழு ஒயர்கள் ஒரே இடத்தில் லூஸாகாது. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் 8, சனி

அங்கமுத்து அண்ணன் வண்டியில் ஏறிப் போய்ப் பார்த்தேன். சேந்தமங்கலத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இப்போதெல்லாம் கிளீனர் கிடையாது என்பதால் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தொப்பூர்வரை வாய் மூடவில்லை. முட்டை ஏற்றினால் பிரேக்கை எப்படி மிதிக்க வேண்டும், எந்த ஊர் வேகத்தடை யாருடைய மாமனாருக்காகப் போட்டது, எல்லாம் சொன்னார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நொச்சிக் கணவாய் அடிவாரம் வந்தது. வண்டியை ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பி அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் திரையில் ஆஃப் என்று வந்தது.

வண்டியில் ஏதாவது ட்ரபிளா என்று கேட்டேன்.

"செத்த இருங்க தம்பி."

வெளியே பார்த்தேன். மூடிக்கிடந்த ஒரு பஞ்சர் கடை, காய்ந்த புல், ரோட்டோரச் சுவர். சாமி சிலை, சூலம், எலுமிச்சம்பழம் எதுவும் இல்லை. அவர் கும்பிடவும் இல்லை. பிறகு ஸ்டார்ட் செய்து ஏறத் தொடங்கினார்.

ஆக, கருவியில் கோளாறில்லை. டிரைவர்கள் அணைக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டதற்கு எல்லாரும் அணைப்பார்கள் என்றார். அது பதில் இல்லை என்றேன். ஓசூரில் டீ குடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"நாலு வருசத்துக்கு முன்னால ஒருக்கா நான் அணைக்காமப் போயிட்டனுங்க தம்பி. லோடு லேட்டு. மேல மூணாவது வளைவுல கண்ணு சொருகிருச்சு. ஒரு நொடிதான். முழிச்சுப் பாத்தா வண்டி செவுத்த ஒரசிக்கிட்டு நிக்கிது. அந்தப் பக்கம் பள்ளம். பம்பர இங்கயே தட்டி பெயிண்டு அடிச்சுக் கொண்டு போயி நிறுத்திட்டன். ஆபீசுக்குத் தெரியாது. என்ற ஊட்டுக்காரிக்கே தெரியாது."

செல்போனில் ரெக்கார்ட் செய்துகொண்டேன். நான் செல்போனை மேஜைமேல் வைத்ததை அவர் பார்த்தார்.

ஜூன் 9, ஞாயிறு

வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றினேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

சாப்பிடும்போது அப்பா, நொச்சிக் கணவாய்க்கா போயிருந்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்பாவும் லாரி டிரைவர்தான். இருபத்தொரு வருடம் ஓட்டினார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரே நாளில் வண்டியை விட்டுவிட்டார். முதுகுவலி என்றார்கள்.

"அந்த அடிவாரத்துல ஒரு டிரைவர் இருந்தானாம்..." என்று ஆரம்பித்தார். எனக்குக் கதை கேட்க நேரமில்லை. கை கழுவ எழுந்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

சம்பத் சார், காரணம் என்ன, தீர்வு என்ன, மாதக் கடைசிக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டார். லோடு ஏற்றும் இடத்திலேயே டிரைவர்களைப் பிடித்துக் கேட்கிறேன், ரெக்கார்டும் செய்கிறேன். பெயர், வண்டி நம்பர், எவ்வளவு நேரம் அணைக்கிறார், ஏன். நேரான கேள்விகள்தான். ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

ஒருவர், அந்தக் காலத்தில் அங்கே செக்போஸ்ட் இருந்தது, இன்ஜினை அணைக்கச் சொல்லி போர்டு வைத்திருந்தார்கள், அந்தப் பழக்கம் என்றார். நல்ல காரணம் என்று குறித்துக்கொண்டு விசாரித்தேன். செக்போஸ்ட் இருந்தது கணவாய்க்கு மேலே.

இன்னொருவர், மலை ஏறுமுன் வண்டி மூச்சு வாங்க வேண்டும் என்றார். டர்போ இன்ஜினுக்கு அப்படி எதுவும் கிடையாது என்றேன். வண்டிக்குக் கிடையாது தம்பி, வண்டி ஓட்டுகிறவனுக்கு என்றார்.

மற்றவர்கள் எல்லாம் கதை. ஒரு டிரைவர் இருந்தாராம், அவசரத்தில் அணைக்காமல் போனாராம், மூன்றாவது வளைவில் ஸ்டியரிங் திரும்பவில்லையாம். இன்னொருவர் சொன்னதில் குறுக்கே மாடு வந்ததாம். இன்னொன்றில் பிரேக் இல்லையாம், ஹாரனை அடித்துக்கொண்டே போனாராம், கடைசிவரை ஹாரன் நிற்கவில்லையாம், அதனால்தான் அங்கே சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகிறார்களாம். எந்த வருடம்? தெரியாது. டிரைவர் பெயர்? தெரியாது. இந்தத் தகவலை வைத்துக்கொண்டு எக்செல்லில் எதை நிரப்புவது?

ஜூன் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். பிரேக் டிரம். மலைப்பாதையில் டிரம் சூடாகும், நிறுத்தினால் ஆறும். தெரியாமலே ஒரு நல்ல பராமரிப்பு முறையைப் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் ஒட்டவைத்த கதை. ரிப்போர்ட்டில் முதல் பக்கத்திலேயே இதைப் போடுகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

ஒரு பேராசிரியை வந்தார். கிளாடிஸ் மேடம். யூனிவர்சிட்டியில் நாட்டுப்புறவியல் துறை. லாரிகளின் பின்னால் எழுதும் வாசகங்களைப் படமெடுக்க அனுமதி கேட்டு வந்தவரை, சம்பத் சார் தலைவலி தீர என் மேஜைக்கு அனுப்பிவிட்டார். நாட்டுப்புறவியல் என்றால் கரகாட்டம் என்று நினைத்திருந்தேன். சொல்லியும் விட்டேன்.

"நான் உங்கள ஆடச் சொல்லலியே" என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. ஐம்பதைத் தாண்டியவர். என் நாற்காலியில் உட்கார்ந்து என் தண்ணீரைக் குடித்தார்.

திரையில் மேப் திறந்திருந்தது. அடிவாரத்தில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. இதை யார் வரைந்தது என்று கேட்டார். யாரும் வரையவில்லை, வண்டிகள் வரைந்தவை என்று சொல்லி விவரித்தேன். படமெடுக்கும் அனுமதியை மறந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிரேக் டிரம் விஷயத்தையும் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏறும்போது அணைக்காவளா, இறங்கும்போதா?"

ஏறும்போது மட்டும்தான் என்றேன்.

"ஏறப்போற வண்டிக்கு பிரேக் எப்படிய்யா சூடாகும்?"

எனக்குப் பயங்கர எரிச்சல். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தது நான்.

போகும்போது ஒன்று சொன்னார். அவர்கள் துறையில் ஆட்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதுவார்களாம். கேட்காதபோது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று என் கருவி எழுதியிருக்கிறதாம். அவருடைய ப்ராஜெக்ட்டில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. இரண்டு பேர் வந்து, லாரியில் போகச் சொன்னதும் ஓடிவிட்டார்கள். யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை. நான் இன்ஜினியர்.

ஜூன் 27, வியாழன்

ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. பிரேக் டிரம்மை எடுத்துவிட்டேன். காரணம் தெரியவில்லை, டிரைவர்கள் சொன்ன காரணங்கள் அட்டவணையில் உள்ளன என்று எழுதினேன். இருபத்தேழு வரிசை. பெயர், வண்டி நம்பர், நேரம், சொன்ன காரணம் வார்த்தைக்கு வார்த்தை. இவ்வளவு சுத்தமான அட்டவணையை இந்தக் கம்பெனி பார்த்திருக்காது. சம்பத் சார், "நல்லாப் பண்ணியிருக்கடா நவநீதா" என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

ஜூன் 28, வெள்ளி

விசேஷமில்லை. அப்பாவுக்கு இடுப்பு பெல்ட் வாங்கினேன்.

ஜூலை 1, திங்கள்

அங்கமுத்து அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

என் அட்டவணையில் வரிசை எண் 14. விபத்தை மறைத்தது. சம்பத் சார் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தார். அணைக்கிற வண்டிக்கு இனி டிரைவரின் தினப்படி பேட்டாவில் பிடித்தம் என்று நோட்டீஸும் ஒட்டியாயிற்று.

நான் எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதினேன்.

ஜூலை 3, புதன்

சேந்தமங்கலம் போனேன். அண்ணனிடம் கம்பெனி சார்ஜர் ஒன்று இருந்தது, அதை வாங்க. (சார்ஜர் ஆபீசிலேயே இருந்ததைப் போன பிறகுதான் கவனித்தேன்.)

அண்ணன் இல்லை. வேறு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்கப் போயிருந்தார். விபத்தை மறைத்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்விடும். முட்டை லோடு யாரும் தரமாட்டார்கள். அவர் மனைவி வாசலுக்கு வந்தார்.

"நீங்கதான் அந்த ஜிபிஎஸ் தம்பிங்களா? உங்களப் பத்தி நல்ல விதமாச் சொல்லிட்டிருந்தாருங்க. ஆபீசுல ஒரு பையன், காது குடுத்துக் கேக்கறான்னு. உள்ள வாங்க, டீ வெக்கறன்."

அவர் கேட்டார், நிஜமாகவே அண்ணன் வண்டியைச் சுவரில் விட்டாரா என்று. கணவர் தன்னிடம் சொல்லாததை ஆபீஸ் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறார். எனக்கு நேரமாகிவிட்டது என்றேன். டீ குடிக்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

கிளாடிஸ் மேடத்துக்குப் போன் செய்தேன். வேறு விஷயமாக. பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். விழுந்தது திட்டு. பெயரை ஏன் எழுதினீர், அந்த மனுஷரிடம் கேட்டீரா, உம்மிடம் சொன்னதை மேனேஜரிடம் சொன்னதாக எப்படி எடுத்துக்கொண்டீர். எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை என்றேன்.

"சொல்லித் தரணுமாய்யா இத?" என்று போனை வைத்துவிட்டார்.

ஜூலை 6, சனி

லீவு. ரெக்கார்டிங் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். தப்பு எங்கே என்று பார்ப்பதற்காக. தப்பு இருந்தால் வரிசை 14ஐத் திருத்தலாம்.

தப்பு இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. செக்போஸ்ட், மூச்சு போன்றவற்றை விட்டால், கதை சொன்ன அத்தனை பேரும் 'ஒரு டிரைவர் இருந்தாராம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை, வருடம் இல்லை. எனக்கு அது குறைபாடாகப் பட்டது. இன்று கேட்கும்போது வேறு சிலது காதில் விழுகிறது. மாடு வந்த கதையைச் சொன்னவர் மாட்டின் கொம்பில் நீலப் பெயிண்ட் அடித்திருந்தது என்கிறார். பெயர் தெரியாத டிரைவர் எந்த வருடம் போனார் என்று தெரியாது, கொம்புக்கு என்ன நிறம் என்று தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங் கதைக்காரர் நடுவில் நிறுத்தி, அந்த டிரைவருக்கு அன்றைக்கு இடது கை நடுங்கிக்கொண்டே இருந்ததாம் என்கிறார். கை நடுங்கியதை யார் பார்த்தது?

அங்கமுத்து அண்ணன் ஒருவர்தான் 'நான்' என்று சொன்னார். மற்றவர்கள் விவரமாக 'ஒரு டிரைவர்' பின்னால் நின்றுகொண்டார்கள். அவர் என்னை நம்பிவிட்டார்.

இன்னொன்றும் குறித்துவைக்கிறேன், இதற்குச் சம்பந்தமில்லாதது. அப்பா வண்டியை விட்டது 2012. முதுகுக்கு டாக்டரிடம் முதன்முதலில் போனது 2015. சீட்டு பீரோவில் இருக்கிறது. பெல்ட் பில்லை வைக்கும்போது பார்த்தேன்.

ஜூலை 8, திங்கள்

சம்பத் சாரிடம் போனேன். காலை பத்தரைக்குள் முடிந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் பதினாலாவது வரி தப்பு என்றேன்.

"என்ன தப்பு?"

"அது அங்கமுத்து அண்ணனுக்கு நடந்ததில்லைங்க சார். ஒரு டிரைவருக்கு நடந்தது."

"எந்த டிரைவரு?"

"பேரு தெரியாதுங்க. ரொம்ப நாளைக்கு முன்னாலயாம். எல்லாருஞ் சொல்றாங்க."

"நம்ம கம்பெனியா?"

"அதுவும் தெரியாதுங்க."

மஞ்சள் கோடு போட்ட தாளை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்கிட்டயே கத சொல்றயாடா?"

"ஆமாங்க சார்."

அவர் முட்டாள் இல்லை. மெக்கானிக்கை விட்டு பம்பரைப் பிரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் இது டிரைவர் கிடைக்காத நேரம். அங்கமுத்து ஓட்டிய வண்டி ஒரு வாரமாக ஷெட்டில் நிற்கிறது. பெங்களூர் பார்ட்டி தினமும் கூப்பிடுகிறான். அவருக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. ஆனால் சும்மா விடவும் முடியாது. ரிப்போர்ட் முழுவதும் நம்பத்தகுந்ததல்ல, கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் ஆட்களின் பெயரில் எழுதிவிட்டேன் என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். அதன் பிறகு நான் இந்த மேஜையில் உட்கார முடியாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

எழுதிக் கொடுத்தேன். நான் இதுவரை செய்ததிலேயே துல்லியமான வேலை அந்த அட்டவணை. அது பொய் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

பஸ் பாஸ் ரத்து. தலைமுடி வெட்டினேன்.

ஜூலை 12, வெள்ளி

கணக்கு ஒப்படைக்க ஆபீஸ் போனபோது மேப்பைக் கடைசியாகத் திறந்து பார்த்தேன். பேட்டா பிடித்தம் வேலை செய்கிறது. அடிவாரத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சம்பத் சார் சந்தோஷமாக இருந்தார்.

வேகத்தைப் பார்த்தேன். எல்லா வண்டியும் அந்த இடத்தில் பத்துக்குக் கீழே வருகிறது. யாரும் அணைப்பதில்லை. ஊர்ந்து போகிறார்கள்.

சம்பத் சாரிடம் சொல்லவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

கிளாடிஸ் மேடத்தைத் துறையில் போய்ப் பார்த்தேன். ரிப்போர்ட்டைப் பொய் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன், இனி அதை ஆராய்ச்சிக்கு எடுக்க முடியாது, அதனால் அந்த வேலையும் எனக்குக் கிடைக்காது, நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றேன்.

அந்த ரிப்போர்ட் எப்படியும் ஆகாது என்றார். ஒப்புதல் வாங்காமல் எடுத்ததை அவர் தொடமாட்டாராம். முதலிலிருந்து போய்க் கேட்க வேண்டும், சொல்லமாட்டேன் என்றால் திரும்பி வர வேண்டும். பிறகு வேகம் குறைந்ததைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

நிபந்தனைகள்: உதவியாளர் வேலை இரண்டு வருடம். இந்தப் பாடத்தில் எம்.ஏ. இல்லாமல் முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய முடியாது. அதனால் முதலில் எம்.ஏ. இருபத்தாறு வயதில் முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். பிடித்தால் பாரும், இல்லையென்றால் நேரத்தை வீணாக்காதீர் என்றார்.

வரும் வழியில் கணவாய் பக்கமாகச் சுற்றி வந்தேன். அடிவாரத்தில் பைக்கை அணைத்தேன். பெட்ரோல் குறைவாக இருந்தது, அதனால்.

ஜூலை 28, ஞாயிறு

அங்கமுத்து அண்ணன் வண்டிக்குத் திரும்பிவிட்டார். லோடு ஏற்றும் இடத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தார்ப்பாய்க் கயிறை இழுத்துக் கட்டினார். மறுமுனையைப் பிடித்தேன். கட்டி முடித்ததும், பெயரை எழுதியது தப்பு என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

"உன்ற மேல கோவமில்லைன்னு சொன்னாப் பொய்யி தம்பி. ஊட்ல அப்ப ஒரு வாரம் பேச்சேயில்ல. இனிமே எதுக்கும் உங்கிட்ட வாயத் தொறக்கமாட்டன்."

சரி என்றேன். யூனிவர்சிட்டியில் சேரப்போவதையும், மறுபடியும் எல்லாரிடமும் கேட்கப்போவதையும், பெயர் எழுதமாட்டேன் என்பதையும், வேண்டாம் என்றால் போய்விடுவேன் என்பதையும் சொன்னேன். கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஸ்டார்ட் செய்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாது. ஆனா ஒரு டிரைவர் இருக்கறாரு. அவரப் பத்தி வேணும்னாச் சொல்றன். ஏறு."

போன் ரெக்கார்டரை எடுக்கவில்லை. ஏறினேன். அந்த டிரைவர் கடைசியில் தன் மனைவியிடம் சொல்லிவிட்டாராம். அந்தம்மா மூன்று நாள் அழுதுவிட்டு, நாலாம் நாள், அடிவாரத்தில் நிற்கும்போது எனக்கு ஒரு போன் பண்ணுங்க என்றாராம். இப்போது அந்த டிரைவர் அங்கே வண்டியை அணைப்பதில்லை. ஊர்ந்துகொண்டே போன் பேசுகிறாராம். அது சட்டப்படி தப்பு என்றேன். "அதயும் எழுதிக்க" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாளை வேலையில் சேருகிறேன். கோளாறு சரியானதும் கிழித்துப் போடுவேன் என்று ஆரம்பித்த குறிப்பு இது. கோளாறு என்ன என்றே இப்போது தெரியவில்லை. கிழிக்கவில்லை.

செய்ய வேண்டியவை:

1. பழைய ரெக்கார்டிங் எல்லாவற்றையும் அழிப்பது. பேக்கப்பையும்.

2. எம்.ஏ. விண்ணப்பத்துக்கு டிகிரி சான்றிதழ் நகல், போட்டோ.

3. டிரைவர்களிடம் மறுபடி போவது. பெயர், வருடம், ஊர் கேட்பதில்லை. கொம்பின் நிறத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வது.

4. காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று தோன்றினால் ஏறும்போதா இறங்கும்போதா என்று என்னையே கேட்டுக்கொள்வது.

5. சேந்தமங்கலம் போய் டீ குடித்துவிட்டு வருவது.

6. இன்று மதியம் சாப்பிடும்போது அப்பாவிடம் நொச்சிக் கணவாய் பற்றிக் கேட்பது. 'ஒரு டிரைவர் இருந்தானாம்' என்று ஆரம்பித்தால், யார் என்று கேட்காமல், அவர் முடிக்கும்வரை கை கழுவ எழுந்திருக்காமல் இருப்பது.